சுவரிலிருந்து தாளுக்கு: பழங்குடி ஓவியங்கள் பற்றிக் கேள்வி பதில்

பழங்குடி, நாட்டுப்புற ஓவியங்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: செம்மண் நிறத்தில் வெள்ளைக் குச்சி மனிதர்கள் இருந்தால் அது வார்லிதானே?

பதில்: அவசரப்பட வேண்டாம். வார்லி மகாராஷ்டிரப் பழங்குடியினரின் ஓவியம். தெற்கு ஒடிசாவில் சவரா மக்கள் வரையும் இடிதால் ஓவியமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். உருவத்தின் இடுப்பைப் பாருங்கள். வார்லியில் இரண்டு முக்கோணங்கள் நுனியோடு நுனி முட்டி நிற்கும். சவரா உருவங்கள் நீளவாக்கில் இழுத்த மாதிரி இருக்கும், இடுப்பு அவ்வளவு கூர்மையாக இருக்காது. அப்புறம், கரையை முதலில் போட்டுவிட்டு உள்நோக்கி நிரப்பிக்கொண்டு போவது சவராக்களின் முறை.

கேள்வி: பள்ளியில் வார்லி சொல்லித் தருகிறேன். அக்ரிலிக் பயன்படுத்தினால் தப்பா, அக்கா?

பதில்: தப்பே இல்லை. ஆனால் ஒருமுறையாவது பழைய முறையில் செய்து பார்க்க வையுங்கள். மகாராஷ்டிரத்தின் பால்கர் பக்கம் அரிசி மாவைத் தண்ணீரும் பிசினும் விட்டுக் குழைத்து, நுனியை மென்று தூரிகையாக்கிய மூங்கில் குச்சியால் வரைவார்கள். நம் மாக்கோலம் போலவே ஈரத்தில் மங்கலாகத் தெரியும் கோடு, காயக் காய வெளுத்து எழும்பி வரும். பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும். வரைய தார்ப்பா நடனம் கொடுங்கள்: நடுவில் தார்ப்பா ஊதுபவர், அவரைச் சுற்றிச் சுருளாக ஆடுபவர்கள். கல்யாணத்துக்காகச் சுமங்கலிகள் சுவரில் எழுதும் சௌக் மட்டும் வேண்டாம் என்பேன். அதன் நடுவில் இருப்பது பாலகாட் தேவி. சடங்கை விட்டுவிட்டு அதை வெறும் அலங்காரமாகப் பழக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கோண்டு ஓவியம் பல நூற்றாண்டுப் பழமையானது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. சுவரிலும் தரையிலும் டிக்னா என்ற வடிவங்களைப் போடும் வழக்கம் பழையதுதான். இன்று தாளிலும் கேன்வாஸிலும் நாம் பார்க்கிற பாணி 1980களில் பிறந்தது. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் கிராமத்தில் வீட்டுச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த இளைஞர் ஜங்கர் சிங் ஷ்யாம். ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழுவினர் அவரைக் கண்டுகொண்டார்கள். 1982இல் திறக்கப்பட்ட போபால் பாரத் பவன் கலை மையத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அவர் கோண்டுப் பழங்குடியின் பர்தான் பிரிவைச் சேர்ந்தவர். பானா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிக் கோண்டுகளின் குலக்கதைகளைப் பாடுவது பர்தான்களின் தொழில். அந்தப் பாட்டில் இருந்த தெய்வங்களுக்கு ஜங்கர் உருவம் கொடுத்தார். அவர் வரைந்த மானுக்குக் கொம்பு மரமாய்க் கிளைவிடும், உடம்பெங்கும் புள்ளி வரிசைகள் ஓடும். உறவினர்கள் அவரிடம் கற்றுக்கொண்டு, ஆளுக்கொரு நிரப்பல் வடிவத்தைத் தமக்கென வைத்துக்கொண்டார்கள். பழகிய கண் அந்த நிரப்பலைப் பார்த்தே வரைந்தவர் யாரென்று சொல்லிவிடும். 2001இல் ஜப்பானில் ஜங்கர் அகாலமாக இறந்துபோனார். 'காலங்காலமாக வருவது' என்று சொல்லி விற்கும்போது அவர் பெயர் காணாமல் போய்விடுகிறது. அது எனக்கு வலிக்கிறது.

கேள்வி: கறுப்பு, சிவப்புக் கோடுகள் மட்டும் உள்ள ஒரு படத்தை மதுபனி என்றார்கள். வண்ணம் அடிக்காமல் விட்டதா?

பதில்: இல்லை, அது முழுமையான ஓவியம்தான். மதுபனி என்பது பீகாரின் மிதிலைப் பகுதி ஓவியம். கோடுகளாலேயே நிரப்பும் அந்த வகைக்குக் கச்னி என்று பெயர். வண்ணம் நிறைத்தால் பர்னி. பச்சை குத்தும் வடிவங்களிலிருந்து தலித் பெண்கள் வளர்த்தெடுத்தது கோத்னா. கச்னியில் ஓவியர் கங்கா தேவிக்கு ஈடில்லை. அமெரிக்கா போய் வந்து, அங்கே பார்த்த ரோலர் கோஸ்டரையும் அதே கோட்டில் வரைந்தவர் அவர்.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி எதுவும் இல்லையா?

பதில்: இருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர் பழங்குடியினர் வரைகிறார்கள். வேங்கை மரப் பிசினிலிருந்து நிறம் எடுப்பார்கள். பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் காட்சி அவர்கள் படங்களில் அடிக்கடி வரும்.

கேள்வி: அச்சடித்ததை அசல் என்று ஏமாந்து வாங்காமல் இருப்பது எப்படி?

பதில்: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கையால் போட்ட கோட்டில் மை தொட்ட இடம் தடித்தும், தீர்ந்துவரும் இடம் மெலிந்தும் இருக்கும். ஒரே மாதிரி இரண்டு மீன்கள் இருந்தால் செதில்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அச்சு அசலாக ஒத்துப்போனால் சந்தேகப்படலாம். வரைந்தவர் பெயரையும் ஊரையும் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்குவதில்லை.