கணக்கப்பிள்ளை பதில்கள்: ஓடுகிற சட்டையில் யார் பேர்?

கேள்வி: எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடிப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டப் போகிறார். செலவை நிர்வாகம் ஏற்கிறது. ஆனால் சட்டை, தொப்பி, பின்னால் வரும் வேன் எல்லாவற்றிலும் கம்பெனி பேர் வேண்டுமாம். இது தர்மமா, விளம்பரமா?
– வாசகி, ஓசூர்

விளம்பரம்தான் அம்மா, அதிலென்ன சந்தேகம்! அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஷூ, வண்டி, டீசல், ராத்தங்கல் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் காசு கொடுத்துத்தானே ஆகவேண்டும்? கம்பெனி கொடுக்காவிட்டால், ஆஸ்பத்திரிக்கென்று ஜனங்கள் போட்ட பணம்தான் டீசலாகப் புகையும்.

கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்றொரு பையன். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி செயற்கைக் காலோடு செயின்ட் ஜான்ஸிலிருந்து கிளம்பினான், தினம் ஒரு மாரத்தான் தூரம் ஓடி நாட்டையே கடந்துவிடுவதென்று. அங்கிருந்த புற்றுநோய்ச் சங்கம் முதலில் நம்பவில்லை. ஸ்பான்சரைப் பிடித்துக்கொண்டு, இதய டாக்டர் சர்டிஃபிகேட்டோடு வா என்றது. ஃபோர்டு வேன் கொடுத்தது, இம்பீரியல் ஆயில் எரிபொருள், அடிடாஸ் ஷூ. வாங்கிக்கொண்டான். ஆனால் எங்கள் சரக்கைப் புகழ்ந்து பேசு என்று கேட்ட கம்பெனிகளைத் திருப்பி அனுப்பிவிட்டான். என் ஓட்டத்தில் யாரும் லாபம் பார்க்கக்கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு பிடிவாதம். 21 வயசு!

ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல் முதலாளி இசடோர் ஷார்ப், மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டெரிக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்; மைலுக்கு 2 டாலர் தருகிறேன், இன்னும் 999 கம்பெனிகள் இதையே செய்யட்டும் என்று சவால் விட்டார். ஸ்பான்சர் என்றால் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். இன்றைக்கும் டெரி ஃபாக்ஸ் பேரில் ஊர் ஊராக நடக்கிற ஓட்டங்களில் கம்பெனி விளம்பரத்துக்கு இடமில்லை. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில்கூட நடத்தியிருக்கிறார்கள்.

உங்கள் நிர்வாகத்திடம் ஒன்று கேளுங்கள்: இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதப் போகிறீர்கள்? சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூக நலனுக்கென்று செலவிடும் கணக்கு, என்று சொன்னால் விடாதீர்கள். தன் சரக்குக்கு விளம்பரப் பலன் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் அந்தக் கணக்கில் சேராது என்று விதியே இருக்கிறது. விளம்பரச் செலவு என்று எழுதினால் சட்டையில் பேர் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஒரு தொகையும் வரவேண்டும். வேனுக்குப் பெயிண்ட் அடித்ததையே தர்மமாகக் காட்டுகிற வேலையெல்லாம் நான் ஆடிட்டில் நிறையப் பார்த்தாயிற்று.

கேள்வி: ஓடுகிறவரின் ஜிபே நம்பருக்கே பணம் அனுப்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். அவர் உத்தமராகவே இருக்கட்டும். அவருடைய சம்பளமும் உங்கள் நன்கொடையும் ஒரே பாஸ்புக்கில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஆஸ்பத்திரியின் சொந்தக் கணக்குக்கு அனுப்பி, ரசீதையும் அங்கிருந்தே வாங்குங்கள். நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது.

கேள்வி: கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எங்கள் முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். பாதியில் நின்றுவிட்டால் மீதி?
– வாசகர், ஈரோடு

முழுசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். டெரியே முடிக்கவில்லை. 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடி, செப்டம்பர் 1-ஆம் தேதி தண்டர் பே ஊருக்குப் பக்கத்தில் நின்றான். நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அவன் நின்ற பிறகுதான் பணம் கொட்டியது: சில நாளிலேயே ஒரு டி.வி. நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல். அடுத்த பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம். கனடாவின் ஜனத்தொகையும் அப்போது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு டாலர் என்று அவன் கேட்டது வந்துவிட்டது. 1981 ஜூனில் அவன் போய்ச் சேர்ந்தான்.

தூரத்துக்குக் காசு என்று கட்டிவிட்டால், முழங்கால் வீங்கினவன்கூட மீதிப் பணத்தை நினைத்து ஓடுவான். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கூடவரும் டாக்டர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், தொகை குறையாது.