கடும் வெயிலைச் சமாளிக்க ஒரு நகரத்துக்குப் பெரும் பணம் தேவையா?

தொடங்குவதற்குத் தேவையில்லை, அகமதாபாத்தைப் பாருங்கள். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு சொன்னது. நெஞ்சு பதறும் கணக்கு! 2013இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது; தெற்காசியாவிலேயே அதுதான் முதல். முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனைகளில் தயார்நிலை, தெருவில் குடிநீர் எனப் பெரும்பாலும் எளிய ஏற்பாடுகள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது கூரைதான். குடிசைப் பகுதியில் தகரக் கூரை நண்பகலில் தோசைக்கல்லாகக் காய்கிறது. அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிவிடும், உள்ளே சூடு தணியும். மழையில் சுண்ணாம்பு கரையும். மறுபடி பூச வேண்டும். அந்தச் செலவை அன்றாடக் கூலிக்காரர் தலையில் கட்டாமல் மாநகராட்சியே ஏற்பதுதான் நியாயம்.