'ஒரிஜினல் இன்ஜின்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு 'ஆஸ் இஸ்' என்றால் ஆகாது

கேள்வி: மிச்சிகன் மாநிலம் நோவையில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் மிசூரியில் ஒருவரிடம் 92,000 டாலர் கொடுத்து 1967 கார்வெட் ஸ்டிங் ரே வாங்கினேன். கன்வெர்ட்டிபிள், 427 கன அங்குல இன்ஜின், 435 குதிரைத்திறன், மார்ல்பரோ மரூன் நிறம். குழந்தை மாதிரி வைத்திருந்தேன். மழையில் எடுத்ததே இல்லை. ஆகஸ்டில் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு மட்டும்தான் வெளியே வரும். கடந்த மே மாதம் ஒஹாயோக்காரர் ஒருவருக்கு 1,28,000 டாலருக்கு விற்றேன். மனிதர் மூன்று மணி நேரம் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். என் மனைவி வடையும் காபியும் கொடுத்து உபசரித்தாள். ரசீதில் 'ஆஸ் இஸ்' (உள்ளது உள்ளபடி) என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கோடை முழுக்க ஓட்டிவிட்டு, மரூன் பிடிக்கவில்லை என்று சிவப்பு வேறு அடித்துக்கொண்டாராம்! இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். இன்ஜின் இந்தக் காரோடு பிறந்தது இல்லையாம், எண்ணைப் பிறகு யாரோ பொறித்திருக்கிறார்களாம். காரை எடுத்துக்கொண்டு முழுப் பணம் கொடு, இல்லாவிட்டால் 43,000 டாலர் கொடு, பத்து நாள் கெடு, மறுத்தால் மோசடி வழக்கு என்கிறார். நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாந்ததே நான்தான். விளம்பரத்தில்கூட எனக்கு விற்றவர் எழுதியதைத்தான் அப்படியே போட்டேன். என்ன செய்வது?

பதில்: வடை, காபி, மூன்று மணி நேர டார்ச், மழையில் எடுக்காதது எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். நோட்டீஸோடு இணைத்து அனுப்பியிருக்கும் உங்கள் விளம்பரத்தில் ஒரே ஒரு வரிதான் வழக்கு: 'பிறந்த 427/435 இன்ஜின், நம்பர்ஸ் மேட்சிங், பிரிக்கப்படாத சர்வைவர்.' இன்ஜினில் பொறித்த எண் காரின் எண்ணோடு ஒத்துப்போவது 'நம்பர்ஸ் மேட்சிங்', ஆலையிலிருந்து வந்தபடியே மாறாமல் இருப்பது 'சர்வைவர்'.

'அருமையான கார்', 'இதுபோல் இன்னொன்று கிடைக்காது' என்று எழுதியிருந்தால் அது வியாபாரப் பேச்சு, எந்த நீதிமன்றமும் கண்டுகொள்ளாது. இந்த இன்ஜின் இந்தக் காரோடு பிறந்தது என்பது சரிபார்க்கக்கூடிய தகவல். பொருள் விற்பனைக்கு மாநிலங்கள் பின்பற்றும் சீரான வணிகச் சட்டத்தின் (யு.சி.சி.) 2-313 பிரிவில் அது வெளிப்படையான உத்தரவாதம். 'உத்தரவாதம்' என்ற சொல்லை எழுதியிருக்க வேண்டியதில்லை, கொடுக்கும் எண்ணமும் இருந்திருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னீர்களா, வேறொருவர் எழுதியதைப் பார்த்துச் சொன்னீர்களா என்பதையும் அந்தப் பிரிவு கேட்பதில்லை.

'ஆஸ் இஸ்' உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறீர்கள். சட்டம் தானாகச் சேர்க்கும் மறைமுக உத்தரவாதங்களைத்தான் அந்த இரண்டு வார்த்தை துடைக்கும். வாயால் சொன்னதையும் கையால் எழுதியதையும் துடைக்காது. 'இதில் உள்ளதே முழு ஒப்பந்தம், இதற்கு முன் பேசியது எதுவும் செல்லாது' என்று ரசீதில் ஒரு வரி இருந்திருந்தால் நான் கொஞ்சம் வாதாடிப் பார்ப்பேன். நீங்கள் கையெழுத்துப் போட்டது அரைப் பக்கம். அதில் அது இல்லை.

இன்ஜின் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரியா என்றால், சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1967 கார்வெட்டின் வாகன எண்ணில் உடல் வகை இருக்கும், வருடம் இருக்கும், செயின்ட் லூயிஸ் ஆலையின் 'எஸ்' இருக்கும், வரிசை எண் இருக்கும். எந்த இன்ஜின் என்பது இருக்காது. அது 1972-இல்தான் வந்தது. ஆகவே இந்தக் காரில் எல்லாம் இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் விரல் அகலப் பட்டையைத்தான் நம்பி நிற்கிறது. இன்ஜின் செய்த டோனவாண்டா ஆலை அடித்த தேதியும் இன்ஜின் வகையைச் சொல்லும் 'ஜே.ஈ.' குறியும் அதில் இருக்க வேண்டும், பக்கத்தில் காரின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். உங்கள் காரில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் ஆலை இழைத்த பட்டையில் முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய கோடுகள் உங்கள் காரில் இல்லை. நிபுணர் எடுத்த படத்தில் அந்த இடம் கண்ணாடி போல் வழவழவென்று இருக்கிறது. சரி, யாரோ தேய்த்துச் சுத்தம் செய்தார்கள் என்று சமாளிக்கலாம். பிளாக்கை வார்த்த தேதியை எப்படிச் சமாளிப்பது? அது 'ஈ 12 7', அதாவது 1967 மே 12. டேஷுக்குக் கீழே உள்ள தகட்டின்படி காரைக் கட்டியது பிப்ரவரியில். தாய்க்கு முன்னால் பிள்ளை பிறந்த கதை. இதை எதிர்த்து நிற்க நான் வர மாட்டேன்.

கார்வெட் மறுசீரமைப்பாளர் சங்கம் முன்பு கொடுத்த 'டாப் ஃபிளைட்' விருதையும் அனுப்பியிருக்கிறீர்கள். கார் ஆலையிலிருந்து வந்தபோது இருந்ததுபோல் தோன்றுகிறது என்பதற்குத்தான் அந்த விருது. பிறப்புச் சான்றிதழ் அல்ல.

மிசூரிக்காரர் மீது வழக்குப் போடலாமா என்றால், பெரும்பாலும் முடியாது. விற்பனை உத்தரவாதத்துக்குக் காலவரம்பு நான்கு வருடம். குறை தெரியவந்த நாளிலிருந்து அல்ல, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து. மிச்சிகனில் மோசடிக்கு ஆறு வருடம், அதுவும் பின்னால் தெரியவந்தது என்பதற்காக நீளாது. உங்களுக்கு ஒன்பது ஆகிவிட்டது. ஒஹாயோக்காரருக்கோ கடிகாரம் கடந்த மே மாதம்தான் ஓட ஆரம்பித்தது. கை மாறும் கார்களில் இதுதான் நடக்கிறது: பொய்யைப் பிறக்க வைத்தவர் காலவரம்புக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், கடைசியாக அதைத் திருப்பிச் சொன்னவர் பணம் கட்டுவார். அநியாயம்தான். சட்டம் அப்படித்தான்.

இனி எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை நான் வெட்டிவிட்டு வெளியிட்டிருக்கிறேன். எதை என்று உங்களுக்குத் தெரியும். இது பத்திரிகைப் பத்தி, இங்கே எழுதி அனுப்புவதற்கு வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம் கிடையாது. நேரில் ஒரு வக்கீலை அமர்த்தி அவரிடம் சொல்லுங்கள். வாங்கியவரிடமோ நண்பர்களிடமோ வாட்ஸ்அப் குழுவிலோ அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

இதில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் மேல் இருப்பது உத்தரவாத மீறல். அதன் விலை ஒரு கழித்தல் கணக்கு: சொன்னபடி இருந்தால் கார் பெறும் விலை, உண்மையில் பெறும் விலை, வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு. மேலே கொஞ்சம் செலவுகள். மோசடிக்கு எல்லைக்கோடு ஒன்றே: விற்கும்போது உங்களுக்குத் தெரியுமா, அல்லது தெரியாது என்று தெரிந்தே துணிந்து சொல்லிவிட்டீர்களா? அந்தக் கோட்டைத் தாண்டினால் தொகை ஏறும். நாளைக்குக் கடனில் மூழ்கித் திவால் மனு கொடுத்தாலும் அந்தக் கடன் உங்களை விடாது.

இந்தக் கோட்டைக் கட்சிக்காரர்கள் தாங்களாகவே தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் வந்த அன்று ராத்திரி ரோஷம் பொங்கி நீளமாக ஒரு மெசேஜ் அனுப்புவார்கள். 'எனக்கும் அப்போதே லேசாகச் சந்தேகம் இருந்தது, இருந்தாலும் நீங்கள்தான் பார்த்து வாங்கினீர்கள்' என்று. எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைப்பார். இன்னொரு கூட்டம் விளம்பரத்தை எடுத்துவிடும், பழைய மெயில்களை அழித்துவிடும். விளம்பரம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. அழித்ததால் லாபம் ஒன்றுமில்லை, 'தடயத்தை அழித்தவர்' என்ற பெயர் மட்டும் மிஞ்சும். எதையும் அழிக்காதீர்கள். கார் ஒருவேளை உங்களிடம் திரும்பி வந்தால் அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் உப்புத்தாளைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். இன்ஜின் எண்ணில் கை வைப்பது மிச்சிகனில் குற்றம்.

வழக்கு நடந்தால் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு உட்கார வேண்டிவரும். அந்த வெட்டிய பத்தியில் உள்ளதைக் கேட்பார்கள். கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், சொல்வீர்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்த நாற்காலி வரைக்கும் இதைக் கொண்டுபோகாதீர்கள். சமரசம் செய்துகொள்ளுங்கள்.

எந்த விலைக்கு என்பதில்தான் உங்களுக்கு ஒரு சீட்டு இருக்கிறது. அதை நீங்களே கவனிக்காமல் எரிச்சலில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: சிவப்பு பெயின்ட். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க வேண்டுமானால் பொருள் பெரிதாக மாறியிருக்கக் கூடாது, அதன் சொந்தக் குறையால் வந்த மாற்றத்தைத் தவிர. அதே சட்டத்தின் 2-608 பிரிவு. 'சர்வைவர்' என்று போற்றப்படும் காருக்கு 1967-இல் செயின்ட் லூயிஸில் அடித்த மரூன்தானே உயிர்! அதை உரித்து அவர் சிவப்பு அடித்திருக்கிறார். அவர் காரைத் திருப்பித் தரும் பேச்சு பெரும்பாலும் முடிந்தது. 1,28,000 மேசையிலிருந்து இறங்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு மாநிலத்தார் வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போக 75,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். 43,000 என்றால் அவர் பெரும்பாலும் நம் ஓக்லண்ட் கவுண்டி நீதிமன்றத்துக்கு, போன்டியாக் வரைக்கும் வந்து நிற்க வேண்டும். யாருக்கும் அதில் ஆர்வம் இருக்காது.

ரோஷத்தில் 'காரைக் கொண்டுவந்து விடுங்கள், காசை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முழுப் பணம் போகும், வருவது சிவப்புக் கார். அதை மறுபடி விற்கும்போது இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். வேறொரு காரில் என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் திரும்ப வாங்கினார். அடுத்த விளம்பரத்தில் 'நம்பர்ஸ் மேட்சிங்' என்பதை எடுத்துவிட்டார், வேறு எதுவும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே பேசாமல் இருப்பதற்கும் மிச்சிகனில் மோசடி என்றே பெயர். முதல் வழக்கு வெறும் உத்தரவாதம், இரண்டாவது அப்படி இல்லை.

43,000 என்பது அவர்களுடைய நிபுணர் போட்ட கணக்கு. அதற்குக் கீழே பேசலாம், ஆனால் ரொம்ப இழுக்காதீர்கள். காரணம் பெட்ரோல் டேங்க். 1967 காரில் ஆலையில் டேங்கின் மேலே ஒரு தாளை ஒட்டி அனுப்புவார்கள், கார் எந்த இன்ஜினோடு கேட்கப்பட்டது என்று அதில் இருக்கும். டேங்கை இறக்கினால்தான் தெரியும். நோட்டீஸில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, அவர்கள் இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை. இது பிறப்பிலேயே 435 கார், இன்ஜின் மட்டும் மாறியது என்று அந்தத் தாள் சொன்னால் தொகை இறங்கும். 327 இன்ஜினோடு பிறந்த காரில் பிறகு 427-ஐப் பொருத்தியிருந்தால் 43,000 உங்களுக்கு மலிவாகத் தெரியும். அந்தத் தாளின் நகல் எதுவும் உங்களிடம் இருந்தால் முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் இருட்டில் நிற்கும்போதே பேசி முடிப்பது நல்லது. முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் எங்கே நின்றாலும் நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். இந்த ஊரில் ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம் திரும்பி வராது. நிபுணருக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் தொகை அங்கேயே போய்விடும்.

சமரசத்தில் அவர் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் 'உத்தரவாதக் கோரிக்கை' என்று மட்டும் இருந்தால் போதாது. இந்தக் கார் தொடர்பாக இன்று தெரிந்தது, தெரியாதது, இனி தெரியவரப்போவது எல்லாம், மோசடி உட்பட, முடிந்தது என்று இருக்க வேண்டும். நாளைக்கு அவர் டேங்கை இறக்கினாலும் உங்கள் கதவைத் தட்டக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்ற வரியும் வேண்டும். காசோலை அவர் பெயரிலும் அவர் வக்கீல் பெயரிலும் சேர்ந்து போகட்டும்.

நோட்டீஸ் தேதியைப் பார்த்தால் பத்து நாளில் நான்கு போய்விட்டது. திங்கட்கிழமை காலை ஓக்லண்ட் கவுண்டியில் ஒரு வக்கீலை அமர்த்துங்கள். 'நோட்டீஸ் கிடைத்தது, கட்சிக்காரர் சார்பில் பேசுகிறேன், காரில் மேற்கொண்டு எதையும் மாற்ற வேண்டாம்' என்று அவரிடமிருந்து இரண்டு வரி போகட்டும். பெயின்ட் அடித்த கடையின் பில்லையும் அடிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் அதே கடிதத்தில் கேட்கச் சொல்லுங்கள்.