வாசகர் கேள்வி பதில்: அப்பாவின் உறக்கமும் மணியின் முதுமையும்

கேள்வி: எங்கள் நாய் மணிக்கு வயது 13. ஆறு மாதங்களாகப் பின்னங்கால்கள் இயங்கவில்லை. 66 வயதாகும் அப்பா, இரவில் அலாரம் வைத்து எழுந்து அதைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். இதுவரை அதன் உடலில் ஒரு புண் இல்லை. பெரியப்பா மகள் திருமணத்தில் தாலி கட்டியதும் அவர் திரும்பிவிட்டதால், பங்காளிகள் "ஒரு நாய்க்காகவா?" என்கிறார்கள். இது அளவு மீறிய பாசமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பாசம் அளவு மீறவில்லை, சகோதரி. எழ முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால், எலும்பு தரையில் அழுந்தும் இடங்களில் இரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப்புண் வரும். சிறுநீரில் நனைந்த மயிரில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். மணியின் உடலில் புண் இல்லாதது உங்கள் தந்தை விட்டுக்கொடுத்த உறக்கத்தின் பலன்.

காங்கேயம் பக்கம் மழை பொய்த்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் காய்ந்த ஆண்டுகளில், கடன்பட்டுச் சோளத்தட்டு வாங்கிப் போட்டு மாட்டைக் காப்பாற்றிய குடும்பங்களை நாம் மதிப்போடுதான் பேசுகிறோம். பங்காளிகளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

என் கவலை உங்கள் தந்தையைப் பற்றியது. ஆறு மாதமாக அறுபட்டுப்போன உறக்கம் அந்த வயதில் உடம்பைக் கெடுக்கும். நள்ளிரவு முறையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் அவர் ஒப்ப மாட்டார், அவர் எதிரிலேயே நான்கு நாள் செய்து காட்டுங்கள். அகலமான துண்டை மணியின் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினால் அவர் இடுப்புக்குச் சிரமம் குறையும். வலிக்கென்று மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். மணி உணவை மறுத்து, வலியில் ஓயாமல் முனகும் நாள் வந்தால், ஊசி போட்டு அமைதியாக விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவர் பேசக்கூடும். அந்தப் பேச்சை அப்பா தனியாக இருந்து கேட்கக் கூடாது, உடன் செல்லுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம், பகலில் வீட்டில் ஆளில்லை. மகள் நாய்க்குட்டி கேட்கிறாள். வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இப்போது வேண்டாம். குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவும், நாள் முழுவதும் துணையும் வேண்டும். வீட்டில் பகலில் ஒருவர் இருக்கும் காலம் வந்ததும், மேலே உள்ள கோபி வாசகியின் கடிதத்தை மகளோடு சேர்ந்து படித்துவிட்டு முடிவெடுங்கள்.