லைக் வருகிறது, ஆர்டர் எங்கிருந்து வருகிறது?

வீட்டில் முறுக்கு, தட்டை செய்து விற்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் லைக் குவிகிறது, ஆர்டர் அதனால்தான் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உங்கள் கேள்வி.

லைக்கை விடுங்கள். கணக்கை புரொஃபஷனல் கணக்காக மாற்றினால் (காசு கிடையாது) பதிவுகளின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸ் பகுதி திறக்கும். எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். வாங்கும் எண்ணம் அங்கேதான் தெரியும்.

பணம் வந்த வழியைப் பிடிக்க வாட்ஸ்அப் பிசினஸ் போதும். அதில் ஷார்ட் லிங்க் (தட்டினால் உங்களோடு சாட் திறக்கும் இணைப்பு) எடுத்து, "இன்ஸ்டாவில் பார்த்தேன், விலை என்ன?" என்ற வரியை முன்கூட்டியே எழுதிச் சேர்த்துவிடுங்கள். அந்த லிங்கை இன்ஸ்டா பயோவில் (உங்கள் பக்கத்தின் மேலே உள்ள அறிமுகத்தில்) மட்டும் போடுங்கள். அதைத் தட்டி வருபவர் பெரும்பாலும் அந்த வரியோடுதான் வருவார். உடனே அந்த சாட்டுக்கு வாட்ஸ்அப்பிலேயே 'இன்ஸ்டா' என்று ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள். மற்றவர்களிடம் "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று வாய்விட்டே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் விளம்பரம். 1,000 ரூபாய் போட்டு 5 புது ஆட்கள் வாங்கினால் ஆளுக்கு 200 ரூபாய் செலவு. கிலோவுக்கு 80 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், அவர் மூன்றாவது கிலோ வாங்கும்போதுதான் உங்களுக்கு லாபம். அதனால் திரும்பி வந்தவர்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான கணக்கு. பண்டிகையில் விற்பனை எப்படியும் கூடும், அதனால் தீபாவளி மாத விற்பனையைப் போன தீபாவளியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.