மேடைக்குப் பின்னால் நிற்கும் மகள்

ஐயாவுக்கு வணக்கம்.

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். என் மகள் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். துறையின் இந்த ஆண்டு நாடக வரிசையைப் பார்த்தேன். ஐந்து தயாரிப்புகள், அவற்றில் இரண்டு மியூசிக்கல், அதாவது பாட்டும் நடனமுமாக நடக்கும் நாடகம். என் அப்பா இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பேராசிரியர் வித்தியானந்தனின் 'இராவணேசன்' பார்த்ததை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக நாடகம் என்றால் எனக்கு அதுதான் அளவுகோல். பட்டப்படிப்பில் இந்தப் பாட்டும் கூத்தும் எதற்கு?

மகளுக்கு வேடமும் இல்லை. மேடை முகாமையாளராம். செப்டெம்பரிலிருந்து இரவு பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள். கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கவா இவ்வளவு கட்டணம் என்று மனைவி கேட்கிறார். நவம்பரில் காட்சிகள். என்ன சொல்ல?

— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் 'பாட்டும் கூத்தும்' என்ற சொற்களைப் படித்ததும் சற்று நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். உங்கள் அப்பா பேராதனையில் பார்த்தது எது? கூத்து அல்லவா? 1960களில் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று அடுத்தடுத்து மேடையேற்றியபோது, மட்டக்களப்பிலிருந்து கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் வந்து பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்கினார். மத்தளம் முழங்க, பாட்டிலும் ஆட்டத்திலும் நடந்த நாடகம் அது. விடிய விடிய ஆடுவதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார்கள், சுற்றிலும் மக்கள் இருந்து பார்க்கும் வட்டக்களரியில் ஆடியதை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பாட்டை விடவில்லை. அதைச் செய்த மாணவர்களின் பெற்றோர் சிலராவது, 'படிக்கப் போன பிள்ளை கூத்தாடுகிறானாமே' என்று வருந்தியிருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கோ அது ஆயுள் முழுவதும் போதுமானதாக இருந்தது. பாடினால் கனம் குறைந்துவிடும் என்ற எண்ணம் நமக்குப் பிற்காலத்தில் வந்தது. நம் நாடகத்தின் எண்ணம் அது அல்ல.

இனி உங்கள் மகளின் துறைக்கு வருகிறேன். ஒரு நாடகத் துறை தன் ஆண்டு வரிசையை முடிவு செய்ய உட்காரும்போது, சிறந்த நாடகங்கள் எவை என்று மட்டும் கேட்பதில்லை. தலைகளை எண்ணுகிறது. நடிப்புப் படிக்கும் மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், ஒளியமைப்புப் படிப்பவருக்கு இந்த ஆண்டு முழு நாடகம் ஒன்று கிடைக்குமா, உடையமைப்புப் படிப்பவர் பழங்கால உடை ஒன்றையாவது தைத்துப் பார்த்தாரா என்று கணக்குப் போடுகிறது. பல துறைகளில் பெண் மாணவர்கள் அதிகம். பழைய நாடகங்களிலோ ஆண் வேடங்கள் அதிகம். நான்கு பாத்திரங்கள் மட்டுமே உள்ள அருமையான நாடகம் ஒன்று சிறிய அரங்குக்குப் பொருந்தும். ஆனால் அது நான்கு பேருக்குத்தான் வேலை தரும். மியூசிக்கலில் இருபது பேர் மேடையில் நிற்கலாம். இசைத் துறை மாணவர்கள் மேடைக்கு முன்னுள்ள வாத்தியக் குழியில் உட்காரலாம். நடனம், ஒலிவாங்கிகள், நொடியில் மாற வேண்டிய காட்சியமைப்பு எல்லாம் ஒரே இரவில் ஒன்றுசேர வேண்டும். ஒரு துறை தன் மாணவர்களுக்கு வைக்கக்கூடிய ஆகக் கடினமான தேர்வு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டிக்கெட்டும் விற்கும். அந்தப் பணத்தில்தான் பல இடங்களில், கூட்டம் வராத புதிய நாடகம் ஒன்று மேடை காண்கிறது. அதில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உருவான ஒரு மியூசிக்கலின் கதையைச் சொல்கிறேன். 2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, 38 விமானங்கள் கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கேண்டர் என்ற சிற்றூரில் இறங்கின. ஏறத்தாழ 7,000 அந்நியரை அந்த ஊரார் பல நாட்கள் வைத்துச் சோறிட்டார்கள். இதை மியூசிக்கலாக்கலாம் என்று மைக்கேல் ரூபினாஃப் நினைத்தார். அவர் டொரொன்டோவுக்கு அருகே ஓக்வில்லில் உள்ள ஷெரிடன் கல்லூரியில் பணியாற்றியவர். யோர்க் பல்கலைக்கழகத்தில் படித்த தம்பதியான ஐரீன் சாங்கோஃபும் டேவிட் ஹைனும் கேண்டருக்கே போய் மக்களிடம் கேட்டு எழுதினார்கள். 2012இல் அதன் முதல் முக்கால் மணி நேரத்தைப் பாடி நடித்துக் காட்டியவர்கள் ஷெரிடன் மாணவர்கள். அடுத்த ஆண்டு முழு நாடகத்தையும் அவர்களே செய்தார்கள். அதுதான் 'கம் ஃப்ரம் அவே'. 2017இல் நியூயோர்க்கின் பிராட்வே அரங்குக்குப் போய் 2022 வரை அங்கே ஓடியது. வந்திறங்கிய அந்நியருக்குச் சோறிட்ட கதை, அகதிகளாய் வந்திறங்கிய நம்மவர் வாழும் மாகாணத்தில், மாணவர்களின் தொண்டையிலிருந்து முதலில் ஒலித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மேடை முகாமையாளர் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்ராறியோவில் தங்கை வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது, ஒரு பல்கலைக்கழக அரங்கில் ஒளி, ஒலி ஒத்திகையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. இருட்டில் சிறிய விளக்கொன்றின் கீழே இருபது வயதுப் பெண் ஒருத்தி காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தடித்த கோப்பு. நாடகத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் எண்கள். எந்தச் சொல்லில் எந்த விளக்கு, எந்த அடியில் எந்தத் திரை, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் அதில் இருந்தன. 'ஸ்டாண்ட் பை' என்றாள். அரங்கு முழுவதும் மூச்சைப் பிடித்தது. 'கோ' என்றாள், விடிந்தது. பாடகி அரை நொடி தாமதித்தால் அவளும் அந்த அரை நொடி காத்திருந்தாள். அவளுடைய குரல் பார்வையாளருக்குக் கேட்கவே இல்லை.

முதல் நாள் காட்சி முடிந்ததும் நெறியாளரின் வேலை முடிந்துவிடுகிறது என்பது அந்த நாட்டு அரங்க வழக்கம். அதன்பின் நாடகம் மேடை முகாமையாளரின் பொறுப்பு. நெறியாளர் வகுத்தது ஒவ்வோர் இரவும் அப்படியே நடக்கிறதா என்று பார்ப்பவர் அவர்தான். நடிகர் சோர்ந்தாலும் மின்சாரம் போனாலும் அடுத்து என்ன என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நம் கூத்தில் அண்ணாவியார் களரியிலேயே நின்று ஆட்டத்தை நடத்துவார். அங்கே அந்தப் பொறுப்பை உங்கள் மகள் இருட்டில் உட்கார்ந்து செய்கிறாள். வேடம் கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். துறை யாரை நம்புகிறதோ அவரிடம்தான் அந்தக் கோப்பைக் கொடுக்கும்.

கடைசிக் காட்சிக்குப் போங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். கைதட்டும்போது மகள் மேடைக்கு வரமாட்டாள், தேடாதீர்கள். மக்கள் கலைந்ததும் சுத்தியலும் ஏணியும் வரும். அதுவரை பாடிய பிள்ளைகளே காட்சியமைப்பைக் கழற்றி அடுக்குவார்கள். நாடகத்தை மேடையேற்றும் உரிமையை வழங்கும் நிறுவனத்திலிருந்து வாடகைக்கு எடுத்த இசைப் புத்தகங்களில் பென்சில் குறிப்புகளை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையும் காத்திருக்கும். அவள் வெளியே வர நள்ளிரவு தாண்டிவிடும். நவம்பர் குளிர் வேறு. பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோய்ப் பின்கதவுப் பக்கம் நில்லுங்கள்.