அச்சத்தை விற்பது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திண்டுக்கல் பக்கம். பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் இன்ஸ்டாகிராமில், ஆபாசப் படங்களின் தீமைகளைப் பற்றி ஒரு விழிப்புணர்வுப் பக்கம் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தில் சில ஆண்டுகள் சிக்கியிருந்தவன் என்பதால் மற்றவர்களுக்கு உதவலாம் என்று தோன்றியது. இப்போது 1,800 பேர் பின்தொடர்கிறார்கள். உண்மைச் சம்பவங்களின் படங்களை முகம் மறைத்துப் போடுவேன். 'ஆபாசம் பார்த்தால் மூளை சுருங்கும்' என்று ஒரு ஜெர்மன் ஆய்வை வைத்துப் போட்ட பதிவுதான் அதிகம் பகிரப்பட்டது. அதைப் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், மூன்று நாட்களாகத் தூக்கம் இல்லை, இனி நான் சரியாவேனா, பிற்காலத்தில் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று எழுதியிருந்தான். என் பதிவுக்கு இவ்வளவு தாக்கம் இருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். முகம் காட்டிக் காணொளி போடலாமா? இன்னும் நிறையப் பேரிடம் கொண்டுசேர்க்க என்ன வழி? இந்தத் தளங்களை முழுவதுமாகத் தடை செய்யச் சொல்லி நாம் குரல் கொடுக்க வேண்டாமா?

செ.

அன்புள்ள செ.,

உடல்நலத்தைப் பற்றி இணையத்தில் பேசுகிறவர்களின் மொழி, என் சிறுவயதில் ஊர்ச் சுவர்களில் பார்த்த வைத்திய விளம்பரங்களின் மொழியாகவே மாறிக்கொண்டு வருகிறதே என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நண்பர்களின் கேலியைப் பொருட்படுத்த வேண்டாம். அவர்களும் பார்க்கிறவர்கள்தான், அதனால்தான் சிரிக்கிறார்கள். முகம் காட்டுவது உங்கள் விருப்பம். வேலை தேடும் வயதில் அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். தடையைப் பொறுத்தவரை, 2015 ஆகஸ்டில் மத்திய அரசு 857 தளங்களை முடக்கச் சொல்லிவிட்டுச் சில நாட்களிலேயே பின்வாங்கியது. பிறகு 2018 இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி 827 தளங்கள் முடக்கப்பட்டன. அதற்குப் பிறகு என்ன குறைந்தது என்பதை என்னைவிட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள். உங்களை மூன்றாவது தடைக்கு மனு எழுதச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தப் பையனைப் பற்றிய வரிதான். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் உங்கள் பதிவைப் படித்துவிட்டு மூன்று இரவுகள் தூங்கவில்லை என்கிறான். அதை உங்கள் எழுத்தின் வெற்றிக்குச் சான்றாக எனக்கு எழுதுகிறீர்கள். கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: அது வெற்றி அல்ல, நீங்கள் அவனுக்குச் செய்த காயம். அவனுக்கு என்ன பதில் எழுதினீர்கள் என்பதைக் கடிதத்தில் சொல்லவேயில்லை. எழுதவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஜெர்மன் ஆய்வு எது என்று தெரியும். பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த சிமோன் கூன், அதே நகரின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த யூர்கன் காலினட் என்னும் இருவர் 2014 இல் வெளியிட்டது. 21 முதல் 45 வயது வரையுள்ள நலமான ஆண்கள் 64 பேரிடம் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆபாசம் பார்க்கிறீர்கள் என்று கேட்டு, அவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதிகம் பார்ப்பதாகச் சொன்னவர்களுக்கு, இன்ப உணர்வோடு தொடர்புடைய ஒரு பகுதியின் அளவு சற்றுக் குறைவாக இருந்தது. பார்த்ததால் அது சிறுத்ததா, அல்லது பிறவியிலேயே அது சிறிதாக உள்ளவர்கள் அதிகம் பார்க்கிறார்களா என்பதை இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு முறை எடுத்த ஸ்கேன் அது. யாருடைய மூளையும் சுருங்குவதை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பெண்கள் இல்லை, பள்ளிப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. இதிலிருந்து 'மூளை சுருங்கும்' என்னும் வாக்கியத்தை எடுத்து, ஒரு பத்தாம் வகுப்பு மாணவனின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஆய்வைப் படித்துத்தான் எழுதினீர்களா, அல்லது இன்னொரு பக்கத்தில் பார்த்த பட அட்டையைத் தமிழில் மாற்றிப் போட்டீர்களா?

என் அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசி. கடைக்கு மேலே இருந்த லாட்ஜுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு குறிப்பிட்ட தேதியில் பரம்பரை வைத்தியர் ஒருவர் வருவார். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த லாட்ஜ், எத்தனையாம் எண் அறை என்பதெல்லாம் வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களிலும் சந்துச் சுவர்களிலும் அச்சாகியிருக்கும். 'இளமையில் அறியாமல் செய்த தவறுகளால்' என்று தொடங்கி, ஞாபக மறதி, கை நடுக்கம், கண் குழி விழுதல், இல்லறத்தில் தோல்வி என்று அந்த விளம்பரம் வரிசையாக இறங்கும். அந்த வயதில் எந்தப் பையனுக்கும் அதில் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். தேர்வுக்கு முந்தைய நாள் எல்லோருக்கும் ஞாபக மறதிதான்.

வைத்தியரின் உதவியாளர் எங்கள் கடைக்கு வந்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளை, ஆயிரம் உள்ள டப்பாவாக வாங்கிப் போவார். அதைப் பொடித்து லேகியத்தில் கலந்து கொடுத்து, இரண்டு மூன்று நாளில் சிறுநீர் நல்ல மஞ்சளாகப் போகும், உள்ளே தேங்கிய கெட்டது வெளியேறுகிறது என்று பொருள் என்பார்கள். பி காம்ப்ளெக்ஸில் உள்ள ரிபோஃபிளேவின் யாருக்கும் சிறுநீரை மஞ்சளாக்கும். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும் விற்றார், தான் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்பது அவருடைய சமாதானம்.

ஒரு நாள், தறி ஓட்டுகிற இளைஞர் ஒருவர் லேகிய டப்பாவோடு கடைக்கு வந்து, இதே சரக்கு இங்கே விலை குறைவாகக் கிடைக்குமா என்று கேட்டார். ஒரு மண்டலத்துக்கான மருந்துக்கு அவர் கொடுத்த பணம் அவருடைய இரண்டு மாதக் கூலிக்கு மேல். பெண் பார்த்து நிச்சயித்த கல்யாணத்தை, மருந்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார். அப்பா அவரை அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போய், தம்பி, உனக்கு ஒன்றுமே இல்லை, சுய இன்பத்தால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை, சந்தேகம் இருந்தால் பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் காட்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த இளைஞர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடியும் லாட்ஜ் படிக்கட்டு ஏறிப் போனார். எங்கள் கடைப் பக்கம் திரும்பவில்லை.

அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். காசு வாங்காமல் 'ஒன்றும் இல்லை' என்று சொன்னவரை அந்த இளைஞர் நம்பவில்லை, காசு வாங்கிக்கொண்டு 'நீ கெட்டுப்போய்விட்டாய்' என்று சொன்னவரை நம்பினார். ஏன் என்று எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. ஏற்கெனவே உள்ளூர வெட்கப்பட்டுக்கொண்டிருப்பவனிடம் அவனுடைய வெட்கத்தை உறுதிப்படுத்திச் சொல்பவர் உண்மை பேசுபவராகத் தெரிகிறார். இல்லை என்று சொல்பவர் சும்மா ஆறுதலுக்குச் சொல்பவராகத் தெரிகிறார். அதனால்தான் அச்சத்தை ஒருவருக்குள் போடுவது எளிது, எடுப்பது கடினம். உங்கள் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்த லாட்ஜ்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் லேகியம் விற்கவில்லை, பணம் கேட்கவில்லை. ஆனால் ஞாபக மறதி, முகத்தில் களை போய்விடும், குழந்தை பிறக்காது என்று நீங்கள் போட்டிருக்கும் பட்டியல், அந்தச் சுவரில் இருந்த பட்டியலேதான். நீங்கள் பயமுறுத்தி அனுப்பும் பையன், மருந்து வைத்திருக்கும் வேறு யாரிடமாவது போய்ச் சேருவான். இன்று அவர்கள் லாட்ஜுக்கு வருவதில்லை. உங்கள் பதிவுக்குக் கீழேயே பின்னூட்டத்தில் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். போய்ப் பாருங்கள், இருக்கிறது. நான் பார்த்தேன்.

இந்த வியாபாரம் புதிதுமல்ல, நம்முடையது மட்டுமல்ல. டிஸ்ஸோ என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1760 இல், சுய இன்பம் உடலை உருக்கிக் கொல்லும் என்று பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பா நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பயத்தில் இருந்தது. நம் நாட்டில், விந்து வெளியேறுவதால் உடல் நலிகிறது என்று நம்பி வாடும் இளைஞர்களின் நிலையை மனநல மருத்துவர் என். என். விக் 1960 இல் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டு விவரித்தார். பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. எங்கள் ஊர்ச் சுவர்கள் மட்டும் அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை.

'அப்படியானால் அடிமைத்தனம் என்பதே பொய்யா?' என்று கேட்பீர்கள். பொய் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11 ஆம் பதிப்பில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையைக் கோளாறாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ, படிப்பும் வேலையும் உறவும் கெடும் அளவுக்கு ஒருவர் தன்னை நிறுத்த முடியாமல் தவித்தால் அது கோளாறு. அதே குறிப்பில், ஒழுக்கம் சார்ந்த குற்றவுணர்ச்சியால் மட்டும் எழும் மனவேதனையைக் கொண்டு ஒருவருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஜோஷுவா கிரப்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இதைப் பாவம் என்று ஆழமாக நம்புகிறவர்கள், குறைவாகவே பார்த்தாலும் தங்களை அடிமை என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். உங்களுக்கு எழுதிய பையன் இரண்டில் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாதபோது பயமுறுத்தக் கூடாது.

முகம் மறைத்துப் போடும் அந்தப் படங்களை இன்றே எடுத்துவிடுங்கள். 2019 இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளியே வந்தபோது, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவசியம் பார்க்கவும் என்ற வாசகத்தோடு அந்தக் காணொளித் துண்டு எனக்கும் வந்தது. விழிப்புணர்வு என்ற பெயரில் ஒரு பெண்ணின் அலறலை ஊரெல்லாம் கேட்க வைத்தவர்களுள் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். 2025 மே மாதம் அந்த வழக்கின் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. பகிர்ந்தவர்களுக்கு எதுவும் இல்லை.

தீமையைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், பார்ப்பவனின் மூளையை விட்டுவிட்டுப் படத்தில் இருப்பவரைப் பற்றி எழுதுங்கள். 2020 ஜனவரியில் சான் டியாகோ நீதிமன்றம் 22 பெண்களுக்குச் சுமார் 1.27 கோடி டாலர் வழங்க உத்தரவிட்டது. இணையத்தில் வராது, வெளிநாட்டில் குறுந்தகடாக மட்டுமே போகும் என்று பொய் சொல்லி அவர்களைப் படம் எடுத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், கடன் அட்டை நிறுவனங்கள் விலகியதும், உலகின் பெரிய ஆபாசத் தளம் ஒன்று, யார் ஏற்றியது என்று உறுதி செய்ய முடியாத காணொளிகளை எல்லாம் எடுத்துவிட்டது. அந்தத் தளத்தின் பெரும்பகுதியே அதில் போயிற்று. ஒருவருடைய அந்தரங்கப் படம் அவர் சம்மதமின்றி வெளியானால், அவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று நம் நாட்டில் 2021 இல் வந்த விதிகள் கெடு வைத்தன. மிரட்டலுக்கு ஆளான பெண்ணுக்கு அது தெரிந்தால் எவ்வளவு உதவி! சிறார் பாலியல் காணொளியை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றிச் சொன்னது. இதைப் பள்ளிப் பையன்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அதே தீர்ப்பில் பாலியல் கல்வி தேவை என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். அந்தப் பகுதியை யாரும் அட்டையாகப் போடக் காணோம்.

இப்போது அந்தப் பையனுக்கு வருவோம். இன்றே எழுதுங்கள், பகலில் எழுதுங்கள். மூளை சுருங்கும் என்று நான் போட்டது தவறு, அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, உனக்கு எதுவும் ஆகவில்லை, கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நேரடியாகச் சொல்லுங்கள். என்ன பார்த்தாய், எவ்வளவு பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காதீர்கள். நீங்கள் மருத்துவர் இல்லை, அவன் சிறுவன், நீங்கள் அவனுக்கு முன்பின் தெரியாத ஆள். தூக்கம் வராமல் தொடர்ந்தால் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது என்று சொல்லுங்கள். யாராவது அவனை மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. அவன் நம்பும் பெரியவர் யாராவது வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால் அவரிடம் பேசச் சொல்லுங்கள். அவன் உடனே நம்பமாட்டான்; அப்போது கோபப்படாமல் அதையே இன்னொரு முறை சொல்லுங்கள்.

அந்தப் பதிவை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். பின்தொடர்பவர்கள் கொஞ்சம் குறைவார்கள். பரவாயில்லை. பின்னூட்டத்தில் உள்ள அந்த வாட்ஸ்அப் எண்களை முதலில் அழியுங்கள். பையன் பதில் எழுதினால், பெயர் சொல்லாமல் எனக்கு ஒரு வரி போடுங்கள்.